முப்பது கிலோமீற்றர்க் கணக்கு

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் நீந்த வேண்டிய தூரம் சுமார் 30 கிலோமீற்றர். அடம்பனில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கடல் பக்கத்து வீடு மாதிரி. அதை யார் யார், எந்த வயதில், எத்தனை மணித்தியாலத்தில் கடந்தார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். இளமையும் முதுமையும் உடம்பில் எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று பார்ப்பதற்காகத்தான் தொடங்கினேன். கணக்கு நான் நினைத்தபடி வரவில்லை.

1966 ஏப்ரலில் மிஹிர் சென் கடந்தபோது அவருக்கு 35 வயது. எடுத்த நேரம் 25 மணி 36 நிமிடம். 2019 மார்ச்சில் தேனியைச் சேர்ந்த 10 வயதுப் பையன் ஒருவன் 10 மணி 30 நிமிடத்தில் கரையேறிவிட்டான். 2021 மார்ச்சில் ஹைதராபாத்தின் கோலி சியாமளா, வயது 47, 13 மணி 43 நிமிடம். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த ஜியா ராய், வயது 13, ஆட்டிசம் உள்ள பிள்ளை. 29 கிலோமீற்றரை 13 மணி 10 நிமிடத்தில் முடித்தார்.

கடைசி இரண்டு பேரின் வேகத்தை வகுத்துப் பார்த்தேன். சியாமளா மணிக்கு 2.19 கிலோமீற்றர், ஜியா 2.20. இருவருக்கும் 34 வயது இடைவெளி; வேகத்தில் மணிக்கு 20 மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. பிழையாக வகுத்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் போட்டேன். அதே விடைதான். மிஹிர் சென் இவர்களின் பாதி வேகத்தில் போனதற்கு அவர் வயதைக் காரணம் சொல்ல முடியாது. இந்தப் பாக்குநீரிணையில் நீரோட்டம் ஒரு பக்கம் இழுத்தால், நேர்கோட்டில் இருக்கும் 30 கிலோமீற்றர் நீந்தும்போது 30 ஆக இருப்பதில்லை.

வடக்கே இன்னும் அகலமான பாதை இருக்கிறது. தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு 27 மணித்தியாலத்தில் நீந்தினார். பாக்குநீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவர். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971 இல் போய், திரும்பியும் வந்தார், 51 மணித்தியாலம். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பினார்: 59.3 கிலோமீற்றர், 28 மணி 19 நிமிடம்.

செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. குமார் ஆனந்தன் 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டார். அப்போது அவருக்கு 41 வயது. 2024 ஏப்ரலில், இதே தலைமன்னார்ப் பாதையில் அணியாக முறை மாறி நீந்தியவர்களில் 78 வயதுக்காரர் ஒருவர் நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து இறந்தார். இரண்டையும் நான் சிவப்புப் பேனையால்தான் எழுதி வைத்திருக்கிறேன். எந்த வயதிலும் முடியும் என்று பேச வருகிறவர், இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு கடலில் இறங்குங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

எனக்கு நீந்தத் தெரியாது. என் கணக்கு கால் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் அதே 150 தான். அதோடு விழாமல் நிற்கப் பழக்கும் பயிற்சி கிழமையில் 3 நாள். வருசத்துக்கு 52 கிழமை: 7,800 நிமிடம், அதாவது 130 மணித்தியாலம். ஒரு வருசத்தில் இருப்பதோ 8,760 மணித்தியாலம். நூற்றுக்கு ஒன்றரை மணி. அறுபது தாண்டிய என் நடை மணிக்கு 4 கிலோமீற்றர். அப்படியானால் வருசத்தில் 520 கிலோமீற்றர்: தனுஷ்கோடிக்கு 17 தரம் போன தூரம்.

நாங்கள் நெல் ஊர்க்காரர், எதையும் அரிசியில் போட்டால்தான் எங்களுக்கு விளங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரணமாக நடந்தால் மணிக்குச் சுமார் 210 கலோரி செலவாகும். 100 கிராம் அரிசியில் 360 கலோரி அளவில் இருக்கிறது. 130 மணித்தியாலத்துக்கு வருவது 27,300 கலோரி, ஏழரைக் கிலோ அரிசி. நீச்சலுக்கு மணிக்கு 400 கலோரி என்று குறைத்தே போட்டாலும், சியாமளாவின் அந்த ஒரு நாள் ஒன்றரைக் கிலோ அரிசியைத் தின்றிருக்கும். இவற்றோடு என் பங்குக்கு வருசம் ஒரு சோடிச் செருப்பு. வேறு செலவு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

காசோடு சம்பந்தமில்லாத ஒரு தடை மட்டும் உண்டு. கட்டுக்கரைக்குளத்துக் கட்டில், அருவியாற்றுத் தண்ணீர் நிறைந்து கிடக்கும் நாளில், வெயில் ஏறுமுன் நடக்கப் போவேன். மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் தவறாமல் நிற்பாட்டுவார்கள். “எங்கயம்மா போறியள்? ஏறுங்கோ, இறக்கிவிடுறன்.” சும்மா நடக்கிறன் தம்பி என்றால் முகத்தில் ஒரு கவலை வரும். வீட்டில் ஏதும் பிரச்சினையோ, சைக்கிள் பழுதோ என்று பார்ப்பார்கள். ஆம்பிளைகள் பின்னேரம் பந்தடிக்கலாம், மாட்டுவண்டிச் சவாரிக்குக் கூட்டமாய்ப் போகலாம். வயதான பொம்பிளை வேலையில்லாமல் நடந்தால் அதற்கு ஒரு காரணம் கேட்கிறார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டு முற்றத்தோடு நின்றுவிட்டார்கள்!

அவர்களிடம் சொல்ல இப்போது எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. முல்லைத்தீவு முள்ளியவளையின் அகிலத்திருநாயகி 2023 இல் பிலிப்பைன்ஸ் மூத்தோர் தடகளப் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் எடுத்தார். வயது 72. எங்கள் வன்னி மண் புழுதியில் நடந்து பழகின கால்.

மார்கழி மழையில் குளக்கட்டு வழுக்கும். அந்த மாதம் பாடசாலை மைதானத்தைச் சுற்றுவேன். போன மார்கழியில் பக்கத்து வீட்டு ஆச்சி, ஒரு கையில் குடை, மறு கையில் சேலைக் கொய்யகம், வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இளவயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய் வந்தவர்.

“பிள்ளை, அக்கரைக்குப் போக எத்தனை சுத்து வரும்?”

ஒரு சுற்று 400 மீற்றர் என்று வைத்தால் 75, ஆச்சி.

அவர் செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்தார். அன்றைக்கு இரண்டு சுற்று. மிச்சம் 73 என்று எழுதிக்கொண்டேன்.