பழைய மடிக்கணினியும் வராத இணையமும்
வீசி எறியுமுன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. நீர் இறைக்கும் இயந்திரமும் ஓடுகிறது. ஆனால் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. இப்படியான வேளையில் எந்த விவசாயியும் புதிய இயந்திரம் வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை. குழாயின் அடிவாயில் குப்பை அடைத்திருக்கிறதா, குழாய் எங்காவது காற்று இழுக்கிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, மடை திறந்திருக்கிறதா என்று கிணற்றிலிருந்து பாத்திவரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறார். பிழை எங்கோ ஓரிடத்தில் அகப்படுகிறது.

மடிக்கணினியில் இணையம் வராதபோதும் செய்ய வேண்டியது இதுவே. ஆனால் நமது கிராமங்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. வெளிநாட்டு உறவினர் அனுப்பியதோ, ஒரு நிறுவனம் அன்பளிப்பாகத் தந்ததோ, பத்துப் பன்னிரண்டு வருடம் பழைய கணினி ஒன்று வருகிறது. வைபை வேலை செய்யவில்லை என்றதும், “பழசு, இனி உதவாது” என்று கூறி அலுமாரியின் மேல் வைத்துவிடுகிறோம். அல்லது கடன்பட்டுப் புதியது வாங்க எண்ணுகிறோம். அப்படி ஒதுக்கப்பட்ட கணினிகள் பலவற்றில் உண்மையான பழுது ஒரு ஆளியாகவோ, பிழையான திகதியாகவோ இருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இணையம் நமக்கு எதற்கு?

விவசாயக் குடும்பத்துக்கு, அதிலும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு, இது ஆடம்பரமா என்று சிலர் கேட்கலாம். ஒரு நிகழ்வை நினைவுபடுத்துகிறோம். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும் எனக் கூறியது. ஊரைவிட்டு இடம்பெயர்ந்திருப்போருக்கும், போரில் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இழந்தோருக்கும் மூன்று மாதம் எம்மாத்திரம்? பலத்த எதிர்ப்பு எழுந்து, விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்று, அவ்வறிவித்தல் நிறுத்தப்பட்டது. ஆயினும் பாடம் ஒன்று உண்டு. நமது காணியைப் பற்றிய அறிவித்தல் நமது வீட்டுக் கதவைத் தட்டி வருவதில்லை. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அது கிடக்கிறது. தேடி வாசிப்பவரே அறிந்துகொள்கிறார்.

பிள்ளைகளின் படிப்பும் அப்படியே. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையே விழுந்த இடைவெளியை மறக்க முடியாது. கைத்தொலைபேசியின் சிறு திரையில் நீண்ட வர்த்தமானியை வாசிப்பதும் விண்ணப்பம் நிரப்புவதும் கடினம். எனவே வீட்டிலோ பங்கு மண்டபத்திலோ உள்ள பழைய மடிக்கணினியைப் பயன்படச் செய்வது வீண் முயற்சியன்று.

இணையம் வரும் வழி

முதலில் வழியை அறிவோம். தொலைபேசிக் கோபுரத்திலிருந்து, அல்லது கம்பி வழியாக, இணையம் ரவுட்டர் என்னும் பெட்டிக்கு வருகிறது. பெட்டி அதனை வானொலி அலையாக்கிக் காற்றில் விடுகிறது. மடிக்கணினிக்குள் இருக்கும் சிறிய வைபை அட்டை அவ்வலையைப் பிடிக்கிறது. பின்னர் கணினி நாம் கேட்ட தளத்தைத் திரையில் காட்டுகிறது. கோபுரம், பெட்டி, காற்று, அட்டை, கணினி என ஐந்து இடங்கள். பிழை இவற்றில் ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

1. பிழை யார் பக்கம்?

அதே வைபையில் ஒரு கைத்தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். தொலைபேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டே இதைச் செய்ய வேண்டும். தொலைபேசியிலும் இணையம் வரவில்லையென்றால் மடிக்கணினியைக் குறை கூறுவதில் பயனில்லை. டேட்டா முடிந்திருக்கலாம், அல்லது பெட்டி தடுமாறியிருக்கலாம். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுத்து, விளக்குகள் நிலையாக எரியும்வரை சில நிமிடம் காத்திருங்கள். தொலைபேசியில் வந்து கணினியில் வராவிட்டால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. ஆளி திறந்திருக்கிறதா?

பழைய மடிக்கணினிகள் பலவற்றின் முன் விளிம்பில் அல்லது பக்கத்தில் வைபைக்கென்றே ஒரு சிறு தள்ளு ஆளி உண்டு. பையில் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். வேறு சிலவற்றில் விசைப்பலகையின் மேல் வரிசையில் கோபுரம் போன்ற படம் உள்ள விசை ஒன்றிருக்கும். கீழ் இடப்பக்கத்தில் உள்ள எஃப்.என். விசையை அழுத்தியபடி அதனை அழுத்த வேண்டும். திரையில் விமானப் படம் தெரிந்தால் ‘விமான நிலை’ போடப்பட்டிருக்கிறது என்பது பொருள். அதனை நீக்குங்கள்.

3. வைபையின் பெயரே தெரியவில்லையா?

வைபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். பழைய கணினிகள் பலவற்றுக்கு முதலாவது மட்டுமே தெரியும். புதிய தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் 5 கிகாஹேர்ட்ஸில் விடப்பட்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் மற்றத் தொலைபேசி அதைக் காணும். பழைய மடிக்கணினி காணாது. ஹொட்ஸ்பொட் அமைப்பில் 2.4ஐத் தெரிவு செய்யுங்கள்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பிய கணினியானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2.4 அலைவரிசை பல ஓடைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வட அமெரிக்காவுக்கெனச் செய்யப்பட்ட அட்டைகள் பல 1 முதல் 11 வரையான ஓடைகளை மட்டுமே பார்க்கும். நமது நாட்டுப் பெட்டி 12ஆம் அல்லது 13ஆம் ஓடையைத் தானாகத் தெரிந்திருந்தால் அக்கணினிக்கு அது இல்லாததே. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டால் பெயர் தெரியும். அப்பக்கத்தின் முகவரி பெட்டியின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும்; பெரும்பாலும் 192.168.1.1 போன்ற இலக்கமாக இருக்கும்.

4. பெயர் தெரிகிறது, இணையவில்லையா?

கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பூச்சியத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும் மாற்றிப் போடுவதும் உண்டு. பழைய கடவுச்சொல்லைக் கணினி நினைவில் வைத்திருந்தால், அந்த வைபைப் பெயரை ‘மறந்துவிடு’ என்று கட்டளையிட்டுப் புதிதாக இணையுங்கள்.

பூட்டின் வகையும் முக்கியம். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 என்னும் பாதுகாப்பு முறையைப் பழைய கணினிகள் பல அறியா. பெட்டியிலோ ஹொட்ஸ்பொட்டிலோ அதனை டபிள்யூ.பி.ஏ.2 ஆக மாற்றினால் அவை இணையும். ஆனால் வெப் எனப்படும் மிகப் பழைய பூட்டுக்குத் திரும்ப வேண்டாம். அதனை உடைப்பது எளிது. கடவுச்சொல் இல்லாமல் திறந்து விடுவதும் கூடாது.

5. இணைந்துவிட்டது, ஆனால் தளங்கள் திறக்கவில்லையா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுவே. முதலில் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். கணினியின் மணிக்கூட்டுக்கென உள்ளே காசு போன்ற ஒரு சிறு பற்றரி உண்டு. வருடங்கள் செல்ல அது தீர்ந்துவிடும். அப்போது கணினி பல வருடங்களுக்கு முந்திய திகதியைக் காட்டும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. நமது கணினியின் கணக்கில் அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை! ஆகவே ‘இணைப்புப் பாதுகாப்பானதல்ல’ என்று சொல்லி மறுத்துவிடும். திகதியையும் நேரத்தையும் சரிசெய்து, நேர வலயத்தை இலங்கை நேரமாக வைத்தால் தளங்கள் திறக்கும். நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் திகதி பின்னே போனால் பற்றரியை மாற்ற வேண்டும். பல கணினிகளில் சி.ஆர். 2032 என்னும் மலிவான வகையே உள்ளது.

திகதி சரியாக இருந்தும் திறக்காவிட்டால், இணைப்பின் விபரத்தில் கணினிக்குக் கிடைத்த இலக்கத்தைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், பெட்டி கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை என்பது அர்த்தம். இரண்டையும் நிறுத்தி, பெட்டியை முதலிலும் கணினியைப் பின்னரும் போடுங்கள்.

மென்பொருளின் வயதும் ஒரு காரணமாகலாம். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்தது. குரோம் உலாவி 2023 தொடக்கத்திலிருந்து விண்டோஸ் 7க்குப் புதிய பதிப்புத் தருவதில்லை. இதனால் வைபை சரியாக இருந்தும் சில தளங்கள் திறக்க மறுக்கும்.

6. வந்து வந்து போகிறதா?

தகரக் கூரையும் தகரத் தடுப்பும் வைபை அலையை மறிக்கும். தண்ணீர்த் தாங்கியும் தடித்த சுவரும் அதன் பலத்தைக் குறைக்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில், கணினிக்கு நேர் பார்வையில் வையுங்கள். பெட்டியின் அருகே வைத்தால் நன்றாக வேலை செய்து, தூரத்தில் விடுபட்டால் குற்றம் காற்றில் என்று அறியலாம்.

அருகிலும் விடுபட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கணினி வைபை அட்டையை உறங்க வைக்கிறதா என்று பாருங்கள். டிவைஸ் மனேஜரில் வைபை அட்டையின் பெயரைத் திறந்து, மின்சார நிர்வாகப் பகுதியில் உள்ள ‘இக்கருவியை நிறுத்தக் கணினிக்கு அனுமதி’ என்ற அடையாளத்தை எடுத்துவிடுங்கள். திரை மாற்றப்பட்ட கணினியானால் இன்னொரு சந்தேகமும் உண்டு. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைபையின் அன்ரனா வயர்கள் திரையின் ஓரமாக மேலே செல்கின்றன. திருத்தியவர் அவற்றைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம்.

அட்டையே பழுதானால்

கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் கணினியுடன் இணைத்து, தொலைபேசியில் ‘யூ.எஸ்.பி. ரெதரிங்’ என்பதைப் போடுங்கள். இவ்வழியில் இணையம் வந்தால் கணினி நலம், வைபை அட்டைக்குத்தான் பழுது. அட்டைக்குரிய டிரைவர் மென்பொருளையும் இதே வழியில் இறக்கி மீளப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் பயன்தராவிட்டால் விரலளவான யூ.எஸ்.பி. வைபைக் கருவி ஒன்று போதும். வாங்குமுன் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அது ஏற்றதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். பெட்டி பக்கத்தில் இருந்தால் சாதாரண வலையமைப்பு வயரும் போதும்.

விண்டோஸ் மிகப் பழையதானால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைபை வேலை செய்தால் அட்டை நலமாக உள்ளது என்ற சான்றும் கிடைக்கிறது. திருப்தியானால், உள்ளே இருக்கும் கோப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்திய பின்னரே அதனை நிரந்தரமாகப் போட வேண்டும்.

பொதுக் கணினிக்குப் பொது ஒழுங்கு

ஒரு கணினியைப் பல குடும்பங்கள் பயன்படுத்தும் இடத்தில் சில கட்டுப்பாடுகள் அவசியம். காணி உறுதி, அடையாள அட்டை, வங்கி விபரம் ஆகியவற்றின் படங்களைப் பொதுக் கணினியில் விட்டுச் செல்ல வேண்டாம். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். முக்கியமான வர்த்தமானியையும் படிவத்தையும் இறக்கிச் சொந்தப் பென் டிரைவில் வையுங்கள். அடுத்த நாள் இணையம் இல்லாவிட்டாலும் கிராம அலுவலரிடம் காட்ட அது கையில் இருக்கும்.

ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு மூன்று இளைஞர், யுவதிகள் இப்பொறுப்பை ஏற்கலாம். ஒரு கொப்பியில் என்ன பிழை வந்தது, எந்தப் படியில் அகப்பட்டது, எப்படித் தீர்ந்தது என்று திகதியுடன் எழுதி வையுங்கள். அடுத்தவருக்கு அதுவே பாடநூல். தொலைந்த ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும்வரை கவனமாய்த் தேடிய பெண்ணின் உவமையை லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வீட்டின் எந்த மூலையையும் அவள் விட்டுவைக்கவில்லை. உங்கள் அலுமாரியின் மேல் தூசி படிந்திருக்கும் கணினியை இந்த வாரமே இறக்கி, முதலாம் படியிலிருந்து தொடங்குங்கள்.