காக்கா சொல்லக் கற்றுத்தருபவர்கள்

பேச்சும் மொழியும் ஒன்றல்ல. ஒலிகளைச் சரியாக எழுப்புவது பேச்சு. சொற்களைப் புரிந்துகொண்டு கோத்துச் சொல்வது மொழி. குழந்தைகளிடம் இவற்றில் எது தடைபட்டாலும் கண்டறிந்து பயிற்சி தருபவர் பேச்சு-மொழி சிகிச்சை நிபுணர். இந்நிபுணர்களுக்கான படிப்புக்குப் பெயர்பெற்ற மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965இல் தொடங்கப்பட்டது.

முதல் வேலை செவித்திறன் சோதனை. காதில் சரியாக விழாத ஒலி வாயிலும் சரியாக வராது.

'காக்கா'வைத் 'தாத்தா' என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நாக்கின் பின்பகுதி உயர வேண்டிய இடத்தில் நுனி உயர்கிறது. நிபுணர் காக்கா படத்தையும் தாத்தா படத்தையும் முன்னே வைக்கிறார். அவர் சொல்லும் படத்தைக் குழந்தை எடுத்துத் தர வேண்டும். பிறகு முறை மாறும். காக்காவைக் கேட்க நினைத்துக் குழந்தை 'தாத்தா' என்றால், தாத்தா படமே கைக்கு வரும். தான் சொன்னது வேறு என்று குழந்தைக்கே உறைப்பது அப்போதுதான். பார்க்க விளையாட்டு, உண்மையில் மிக நுட்பமான சிகிச்சை.

பள்ளியில் வேலை வேறு விதம். திக்கிப் பேசும் மாணவருக்குப் பயிற்சி தந்தால் மட்டும் போதாது. மாணவரின் வாக்கியத்தைத் தாமே முடித்துவைக்காமல் காத்திருக்க ஆசிரியரும் பழக வேண்டும். கதையைக் கோவையாகச் சொல்லத் திணறும் பிள்ளைக்கு வாசிப்பும் கடினமாகலாம். அதனால் வகுப்புப் பாடத்தையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வயதாகியும் 'அம்மா வா' போல இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை 'தானாகப் பேசிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம். அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பரிசோதனை இலவசம்.