வாங்காத பருப்புக்கு வந்த மெசேஜ்

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்போம். கொஞ்ச நேரத்தில் செல்போனுக்கு மெசேஜ் வரும்: அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் எல்லாம் நம் அட்டைக்கு வழங்கியாகிவிட்டதாம். தமிழ்நாட்டில் பலருக்கும் இது பழகிப்போய்விட்டது. அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். தயவுசெய்து அழிக்காதீர்கள். வாங்காத பொருளை நம் பெயரில் கணக்கு ஏற்றியதற்கு நம் கையில் இருக்கும் சான்று அது.

அந்தக் கடையின் இருப்புப் பதிவேட்டையும் விற்பனைப் பட்டியலையும் ஓர் அதிகாரி ஒப்பிட்டால் கணக்கு ஒத்துப்போகும். வந்த மூட்டை, விற்ற கிலோ, மீதி இருப்பு எதிலும் பிசகு இருக்காது. பருப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பது குடும்ப அட்டைக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பதிவேட்டையும் அதில் பெயர் உள்ளவர்களையும் ஒரே இடத்தில் வைத்து, வெளியார் ஒருவர் முன்னிலையில் சரிபார்ப்பதுதான் சமூகத் தணிக்கை.

இதை எந்த அரசும் முதலில் யோசிக்கவில்லை. ராஜஸ்தானில் அரசுப் பணிகளில் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. கேட்டால், பதிவேட்டில் அவ்வளவு வேலைதான் இருக்கிறது என்று பதில் வந்தது. பதிவேட்டைக் காட்டச் சொன்னால், காட்ட முடியாது என்றார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் முன்னின்று 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் ஊராரைக் கூட்டி, மஸ்டர் ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் இருந்த பெயர்களை உரக்கப் படித்தது. வேலைக்கே போகாதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்களே எழுந்து அதைச் சொன்னார்கள். பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. தகவல் உரிமை நாடு தழுவிய கோரிக்கையானது இந்தப் போராட்டங்களால்தான். தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் தரமறுக்கும் இனங்கள் அதில் ஏராளம். 2005இல் மத்திய சட்டம் வந்த பிறகே சாதாரண மக்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. அதற்காக 2011இல் நாட்டின் தலைமைத் தணிக்கை அதிகாரியான சிஏஜியைக் கலந்து வகுத்த விதிகளில் இரண்டு எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும். வேலையை நடத்தும் துறைக்குத் தணிக்கைப் பிரிவு கட்டுப்பட்டிருக்கக் கூடாது. தணிக்கைக்கு வருபவர் அதே ஊராட்சியில் குடியிருப்பவராக இருக்கக் கூடாது. சிஏஜியை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் பதவிநீக்கம் செய்ய முடியும். ஊருக்கு வரும் தணிக்கையாளருக்கு அப்படியொரு காப்பு கிடையாது. அவருடைய ஊதியம் தாமதமானாலோ, தங்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஊராட்சி அலுவலகத்தையே நம்ப வேண்டியிருந்தாலோ, அவர் என்ன எழுதுவார்? தணிக்கை நடந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தணிக்கையாளருக்குச் சம்பளம் தருவது யார் என்றும் கேட்க வேண்டும்.

ரேஷனுக்கு வருவோம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பொது விநியோகப் பதிவேடுகள் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. உள்ளாட்சி அமைப்புகள் கடைகளை அவ்வப்போது சமூகத் தணிக்கை செய்து, கண்டதை வெளியிட்டு, நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. ஆகவே குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் கூடும் கிராம சபையில் ரேஷன் கடைக் கணக்கைப் படிக்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது. மொத்தத் தொகையை வாசித்துவிட்டு கூட்டத்தின் அடுத்த விஷயத்துக்குத் தாவினால், அட்டைவாரியாகப் படிக்கச் சொல்லுங்கள். மெசேஜ் வந்த போனைக் கையோடு கொண்டுபோங்கள். தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்துக்கு நோட்டை நீட்டினால் போடாதீர்கள். உங்கள் புகார் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகு போடுங்கள்.

தனியாக எழுந்தால் கடைக்காரரின் பகை வரும். அடுத்த மாதமும் அதே கடைக்குத்தானே போக வேண்டும் என்ற பயம் நியாயமானது. அதனால் ஒரே குறை உள்ள பத்துப் பேராகச் சேர்ந்து போவது நல்லது. மகளிர் குழுக்கள் இதைச் செய்தால் பேச்சுக்குக் கனம் கூடும்.

கூட்டத்தில் காரியம் ஆகாவிட்டால் தகவல் உரிமை மனு இருக்கிறது. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்ட வழங்கல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. மனுவை அங்கே அனுப்பினால் தங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று வாதம் வரக்கூடும் என்பதால் இந்த வழி. ‘ஊழல் நடந்ததா’ என்று கேட்காதீர்கள். இன்ன கடை, இன்ன மாதம், இருப்புப் பதிவேட்டின் நகல், என் அட்டைக்கு வழங்கிய பொருள்களின் விவரம் என்று கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூடச் சட்டத்தில் இடமுண்டு. புழுத்த அரிசிக்கு அது உதவும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பொருள் கிடைக்க வேண்டும் என்றால் வழி வேறு. முதலில் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவட்டக் குறைதீர் அலுவலருக்கு எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தகுந்த காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.