இடம் கெடக்கா?: வண்டி நிறுத்தும் செயலியும் குற்றாலத்துக் குறியும்

1

சென்ற சாரல் காலத்தில், தென்காசியில் மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடம் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றை, செயற்கை நுண்ணறிவின் துணையோடு, அவரும் இன்னும் இரண்டு பேரும் சோதனையாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும். 'நீங்க தமிழ் எம்.ஏ.தான, நாப்பது வார்த்தை, ஒரு சாயங்காலத்துல முடிச்சிரலாம்' என்றார். முடியவில்லை. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது.

முதல் சொல் 'பயனர்'. செயலி 'பயனருக்கு எளிதாக' இருக்க வேண்டும் என்பது அவர்களது குறிக்கோள். யார் இந்தப் பயனர்? வாசகனைப் பற்றி எழுதிய வொல்ஃப்காங் ஈசர், ஒவ்வொரு பிரதியும் தனக்குள் ஒரு வாசகனைப் பொதிந்து வைத்திருக்கிறது என்றார். புத்தகத்தைக் கையில் எடுக்கிற நிஜ ஆள் அவனோடு பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். செயலியும் ஒரு பிரதிதான். நண்பர் காட்டிய திரைகளை அப்படி வாசித்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர் தெரிந்தார்: சொந்தக் கார் வைத்திருப்பவர், வங்கிக் கணக்கிலிருந்து கைபேசி வழியாகப் பணம் கட்டுபவர், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பவர், ஆண். வேனில் முப்பது பேரை ஏற்றிவந்து, அவர்கள் குளித்து முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் தலைசாய்த்துக் கிடக்கும் ஓட்டுநர் அங்கே இல்லை. ஈரச் சேலையோடு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைத் தேடும் பெண்ணும் இல்லை. சீட்டுக் கிழிக்கிறவர் இல்லவே இல்லை.

டொனால்ட் நார்மன் 1988இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றி எழுதிய நூலில், கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் தடுமாறினால் குற்றம் அவருடையதல்ல, கதவினுடையது என்று வாதிட்டார். 'எளிமை' என்ற கோரிக்கையின் நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் யார் கதவுப் பக்கம் வரக்கூடியவர் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

2

எந்திரம் எப்படி இடத்தைப் பார்க்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். கேமரா ஒன்று மைதானத்தைப் படமெடுக்கிறது. படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் 'காலி', 'நிறைந்தது' என்று மனிதர்கள் முன்பே குறித்துவைத்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நரம்பு வலைப்பின்னல் எனப்படும் கணக்கீட்டு அமைப்பு தானே பழகிக்கொள்கிறது. விதியை யாரும் எழுதித் தருவதில்லை. எடுத்துக்காட்டுகள்தான் விதி. ஆகவே எடுத்துக்காட்டுகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்பது முக்கியம்.

இத்துறையில் பரவலாகப் பயன்படும் தொகுப்புகளில் ஒன்று 2015இல் வெளியான பி.கே.லாட். பிரேசிலின் குரிட்டிபா நகரில் இரண்டு பல்கலைக்கழகங்களின் வாகன நிறுத்தங்களில் எடுக்கப்பட்டது. 12,417 படங்கள், அவற்றிலிருந்து வெட்டியெடுத்த 6,95,899 நிறுத்துமிடங்கள். வெயில், மேகமூட்டம், மழை என்று வானிலையையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டியது. ஆனால் அந்த மைதானங்களில் கோடு போட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு கார்.

பொருள்களை இனங்காணப் பழக்குவதற்கு உலகமெங்கும் பயன்படும் கோகோ தொகுப்பில் (2014) 80 வகைப் பொருள்கள் உண்டு. கார், பஸ், லாரி, மோட்டார் சைக்கிள் இருக்கின்றன. படகும் விமானமும்கூட உண்டு. ஆட்டோ இல்லை. அந்தக் கண்ணைக் கொண்டு தென்காசிச் சாலையைப் பார்த்தால் ஆட்டோ ஒரு சமயம் காராகவும் ஒரு சமயம் லாரியாகவும் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. இந்தக் குறையை உணர்ந்து, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. முன்னின்று உருவாக்கிய இந்தியச் சாலைத் தொகுப்பில் 10,004 படங்களும் 34 வகைகளும் உள்ளன. ஆட்டோ அதில் தனி வகை. ஒரு வண்டிக்குப் பெயர் கிடைப்பதற்கு யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து அதைக் குறிக்க வேண்டியிருக்கிறது. பெயரிடுதல் அதிகாரம் என்று நாம் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தது இங்கே கூலி வேலையாகவே நடக்கிறது.

குற்றாலத்தில் சிக்கல் இதற்கும் அப்பால் இருக்கிறது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அங்கே கோடு கிடையாது, கட்டம் கிடையாது. சீட்டுக் கிழிக்கும் அண்ணாச்சி கையைக் காட்டுவார்: 'இங்கன போடுங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க, நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க.' வண்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்றாக நிற்கும். உள்ளே நிற்பது வெளியேற வேண்டுமென்றால் இரண்டு பேர் முன்னால் நிற்பதைத் தள்ளுவார்கள். ஒரு வண்டிக்கு இடம் 'இருப்பதில்லை', உண்டாக்கப்படுகிறது. வெளி என்பது காலியாகக் கிடக்கும் பாத்திரமல்ல, சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று ஹென்றி லெஃபெவ்ர் 1974இல் எழுதியதை எம்.ஏ. முடித்த புதிதில் நான் புரியாமல்தான் வாசித்தேன். அண்ணாச்சி ஒரு இன்னோவாவைத் தோள் கொடுத்துத் தள்ளியபோது புரிந்தது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த மைதானம் நிறைந்துவிட்டது. அவரைக் கேட்டால் இன்னும் அஞ்சு வண்டிக்கு எடம் கெடக்கு.

3

பார்ப்பதைவிட முக்கியமானது முன்கூட்டிச் சொல்வது. இப்போது காலியாக இருப்பது எனக்கு எதற்கு? நான் போய்ச் சேரும்போது இருக்குமா? செயற்கை நுண்ணறிவு இங்கே செய்வது குறி சொல்லும் வேலை. குற்றாலத்துக்கு இது புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியில் சிங்கி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். சிங்கனோ அவளைக் காணாமல் தேடி அலைகிறான். சீசனில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சிங்கன்தான். இந்த அலைச்சல் சில்லறை விஷயமல்ல என்பதை அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷூப், இலவச வாகன நிறுத்தத்தின் விலை பற்றி 2005இல் எழுதிய பெருநூலில் விளக்கினார். நகர மையங்களின் நெரிசலில் கணிசமான பங்கு, எங்கும் போகாமல் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிகளால் வருவது.

குறி சொல்ல எந்திரத்துக்கு என்ன வேண்டும்? கேமராவே வேண்டாம் என்பது என் நண்பருக்கே வியப்பாக இருந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரம் 2011இல் தொடங்கிய எஸ்எஃப்பார்க் திட்டத்தில் சுமார் 7,000 நிறுத்துமிடங்களின் தரையில் உணரிகளைப் பதித்தார்கள். எத்தனை இடம் நிறைந்திருக்கிறது என்று பார்த்து, 60 முதல் 80 சதவீதத்துக்குள் நிற்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்கினார்கள். சோதனைக் காலம் முடிந்ததும் உணரிகளை நிறுத்திவிட்டு, மீட்டரில் விழும் கட்டணக் கணக்கிலிருந்தே நெரிசலை மதிப்பிட ஆரம்பித்தார்கள். அது சரிவந்தது. அப்படியானால் குற்றாலத்தின் உணரி அந்தச் சீட்டுப் புத்தகம். உள்ளே போனது கழித்தல் வெளியே வந்தது: அவ்வளவுதான். இந்தக் கணக்கு இரண்டு சீசனுக்குத் தொடர்ந்து கிடைத்தால், அதோடு கிழமை, ஆடி அமாவாசை, கேரளத்து ஓணம், கார்த்திகையில் வரும் ஐயப்ப பக்தர் கூட்டம், மலையில் நேற்றுப் பெய்த மழை, எந்த அருவியில் குளிக்கத் தடை என்பவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், எளிய கணக்கீட்டு முறையே ஓரளவு குறி சொல்லிவிடும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது நினைவுக்கு வருகிறது. பொழுது தெரியாமல் நிலத்தை மட்டும் காட்டும் செயலி பாதி பொய்.

ஆனால் குறிக்கு ஒரு விசித்திரம் உண்டு. சிங்கி சொன்னதை வசந்தவல்லி ஒருத்திதான் கேட்டாள். செயலி சொல்வதை ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். 'ஐந்தருவியில் இடம் இருக்கு' என்று எல்லாரிடமும் சொன்னால், எல்லாரும் போய்ச் சேர்ந்ததும் அது பொய்யாகிவிடும். சொன்னதாலேயே பொய்யாகும் குறி. ஆகவே எத்தனை பேரிடம் ஏற்கனவே சொல்லியிருக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுத்து, ஆட்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். பிரித்து அனுப்பும்போது யாரை அருகே, யாரைத் தொலைவில் என்ற கேள்வி வந்துவிடுகிறது. இங்கே கணிதம் முடிந்து அரசியல் ஆரம்பிக்கிறது.

4

அமெரிக்கர்கள் இதைக் கட்டணத்தால் தீர்த்தார்கள். குற்றாலத்தில் அப்படித் தீர்த்தால், கூடுதல் காசுள்ளவர் அருவி வாசலில் இறங்குவார், மற்றவர் நடப்பார். இன்னொரு வழி எண்ணிக்கைக்கு வரம்பு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. மலை தாங்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. அதேசமயம் ஒவ்வொரு வண்டியின் எண்ணும் வரும் நாளும் போகும் நாளும் ஓரிடத்தில் சேர்கின்றன. ஃபூக்கோவை இங்கே மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. காட்டாமலே கேட்கலாம்: இடம் காட்டுவதற்கு வண்டி எண் எதற்கு? நண்பரின் செயலி அதைக் கேட்டது. ஏனென்று கேட்டேன். 'எல்லா செயலியும் கேக்குதுல்லா' என்றார். எடுத்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச்செல்லப்பட்டு இறந்தான். இப்படியொரு நாளில் என்ன நடக்கும்? ஜனங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மைதானம் காலியாகும். எந்திரத்துக்குக் காலி என்றால் நல்ல சேதி. அது பேரருவியில் இடம் கிடைக்காமல் சுற்றுகிறவர்களை அங்கே திருப்பிவிடும். தவறான கணக்கு ஏதும் இல்லை. எல்லாம் சரியாகக் கணக்கிட்டு மனிதர்களை வெள்ளத்துக்குள் அனுப்பும். வெறுமைக்கு ஒரே அர்த்தம்தான் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். குறிப்பானும் குறிப்பீடும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்று வகுப்பில் படித்ததை இவ்வளவு பயத்தோடு நான் முன்பு நினைத்ததில்லை.

ஆகவே செயலியின் முதல் கேள்வி இடம் உண்டா என்பதாக இருக்க முடியாது. தென்காசிக்காரர்களைச் சீசனில் வெளியூர்ச் சொந்தங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'தண்ணி விழுதா?' அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் வண்டி. குளிக்கத் தடை இருந்தால், மைதானம் எவ்வளவு காலியாக இருந்தாலும் அந்தப் பெயர் திரையில் வரவே கூடாது. இதைக் கற்றுக்கொள்ளும்படி எந்திரத்திடம் விடக்கூடாது. மனிதர்கள் விதியாக எழுதிவைக்க வேண்டும்.

5

கடைசியில் நாற்பது சொற்கள் பதினொன்றாகச் சுருங்கின. 'பயனர்' போய்விட்டார். வருகிறவர்களுக்கு நான்கே சேதி: 'இடம் இருக்கு', 'கொஞ்சம் இருக்கு', 'இடம் இல்ல', 'இப்ப வராதீங்க'. 'கெடக்கு' என்று போடச் சொன்னேன். சென்னைக்காரர்களுக்குப் புரியாது என்று நண்பர் மறுத்தார், விட்டுக்கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாதவர்களுக்கு அதே நான்கும் குரலில். சீட்டுக் கிழிக்கிறவருக்குத் தனித் திரை. அதில் மூன்று பெரிய பொத்தான்கள்: 'வந்துச்சு', 'போச்சு', 'ஆபத்து'. மூன்றாவதை அவர் அழுத்தினால் எந்தக் குறியும் அதை மீற முடியாது.

அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினோம். இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, 'நாஞ் சொல்லுததத்தான இது சொல்லுது, அப்ப எங்கிட்டயே கேக்கலாமே' என்றார். கேட்கலாம்தான். ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், தென்காசி பஸ் ஸ்டாண்டு அருகே நிற்கிறவருக்கு அவர் குரல் எட்டாது. எட்டினால் வண்டியை ஊரிலேயே போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறலாம். இந்தச் செயலிக்கு நியாயம் இருக்குமானால் அது இவ்வளவுதான்: அவருக்குத் தெரிந்ததை அவர் பெயரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அந்த வேலைக்கு அவருக்கு என்ன கூலி என்ற கேள்வியை நண்பரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.