நீருக்கடியில் ஒரு காது

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்பது நம் வழக்கு. காற்றடங்கிய நிலவிரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு மறுமுனையிற் காது வைத்தால் இன்னொலி கேட்கும் என்பர் முன்னோர். 1848இல் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ட் அதனைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அருட்தந்தை லாங் பதிவு செய்த அவ்வொலியை 1960களில் இலங்கை வானொலி ஒலிபரப்பிற்று.

துடுப்பு எதற்கு? நீரிலிருந்து காற்றுக்கு ஏறும்போது ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே மேலே வரும். எஞ்சியது நீர்மட்டத்திலேயே திரும்பிவிடும். துடுப்பின் மரமோ நீரின் அதிர்வை நேரே வாங்கிக் காதுக்குத் தருகிறது. அவ்வேலையை இன்று நீரடி ஒலிவாங்கி செய்கிறது. அதனை வீட்டிலேயே அமைக்கலாம். அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் எழுப்பும் பீசோ வில்லை ஒன்று, கவசமுள்ள கம்பி, நீர்புகாப் பசை, பற்றரியில் இயங்கும் சிறு ஒலிபெருக்கி, பதிவுக் கருவி ஆகியவை போதும்.

அமைப்பது எளிது, பிழை தேடுவதே அரிது. கலை பயின்ற என் போன்றோர்க்கும் கைகொடுக்கும் விதி ஒன்றுண்டு: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் குணம் எதனால் வந்தது என்பது தெரியாது.

ஒலியே இல்லையெனில், வில்லையை விரலால் மெல்லத் தட்டுக. தட்டுங்கால் ஓசை வராவிடின் கம்பியையோ பற்றாசு வைத்த இணைப்பையோ ஐயுறுக. ஓசை மெலிந்து, அடித்தொனியின்றி வந்தால், வில்லையை நேரே கைபேசியில் இணைத்திருப்பது காரணமாகலாம். வில்லைக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள முன்பெருக்கி வேண்டும். ஓயாத முரலொலி கேட்டால், அது வீட்டு மின்சாரத்தின் 50 அதிர்வாக இருக்கக்கூடும். மின்கம்பிகளை விட்டு விலகிச் செல்லும்போது அது தணியுமாயின், கவசத்தின் இணைப்பைச் சரிபார்க்க. நீரில் இறக்கியபின் கரகரப்புத் தோன்றினால், பசையினூடே நீர் கசிந்திருக்கலாம். உவர்நீர் மின்னை எளிதிற் கடத்துமாதலால், முதலில் வாளி நன்னீரில் ஓரிரவு ஊறவைத்துச் சோதித்த பின்னரே வாவிக்கு எடுத்துச் செல்க. 230 வோல்ற்று மின்னிணைப்புள்ள எக்கருவியையும் நீரருகே கொண்டு செல்லலாகாது. அது உயிரையே பறிக்கும்.

இறுதிச் சோதனை ஒன்றுண்டு. இனிய ஒலி கேட்டவுடன் மகிழ்ந்துவிடாது, ஒலிவாங்கியை நீரிலிருந்து தூக்குக. ஒலி தொடர்ந்தால் அது கருவியின் குரல். நின்றால், மீண்டும் இறக்குக. இம்முறை கம்பி தோணியில் உராயாதவாறு பிடித்துக்கொள்க. அப்போதும் கேட்பதே வாவியின் குரலாகக் கொள்ளத்தக்கது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கெனில், பாடுவது மீனா, தெனன்ட் கருதியது போல் ஊரி முதலிய சிப்பியினமா என்ற வழக்கு நெடுநாளையது. கருவியின் இரைச்சலைப் பாட்டென்று பதிந்து வைத்தால், அவ்வழக்கிற்குப் பொய்ச்சாட்சி சேர்த்தவராவோம். ஆகவே நாள், நேரம், இடம், நிலவு, காற்று, படகுப் போக்குவரத்து ஆகியவற்றை ஒவ்வொரு பதிவோடும் எழுதி வைப்போமாக. பின்வருவோர் அக்குறிப்பைக் கொண்டு நம் பதிவைச் சோதித்து அறியட்டும்.