மெத்தோட்ரெக்சேட்: வாரம் ஒரு நாள் மட்டுமே

கடுமையான சொரியாசிஸ் நோய்க்குக் களிம்புகள் போதாதபோது, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால், எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- மருந்து உட்கொள்ளும் கிழமையை மருந்துச் சீட்டிலும் நாட்காட்டியிலும் எழுதி வைக்கவும். முதியோருக்கு மருந்து வழங்கும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரே ஏற்பது நன்று.
- உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரை பார்வைக்கு இதனை ஒத்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியே வைக்கவும்.
- ஒரு வாரம் மறந்துவிட்டால், அடுத்த முறை இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது.

பரிசோதனைகள்

சிகிச்சைக்கு முன்னர் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை பரிசோதிக்கப்படும். தொடக்கத்தில் குறுகிய இடைவெளியிலும், பின்னர் பொதுவாக 2 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் இவை தொடரும். கல்லீரல் பாதிப்பு அறிகுறியின்றியே தொடங்கக்கூடும் என்பதால், உடல்நலம் சீராக இருப்பினும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

மது அருந்தக் கூடாது. கோ-டிரைமாக்சசோல் மாத்திரையுடன் சேர்ந்தால் இம்மருந்தின் நச்சுத்தன்மை கூடும். வலி நிவாரணிகளையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம். இம்மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளக் கூடாது. குழந்தைப்பேற்றைத் திட்டமிடும் ஆண், பெண் இருபாலரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

உடனடியாக மருத்துவமனையை அணுகவும்

வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, காரணமின்றி இரத்தக்கசிவு, வறட்டு இருமல், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளாது, மருந்துச் சீட்டுடன் செல்லவும்.