கார் ஷெட்டுக்குள் ஒரு சி.என்.சி. மேஜை

வீட்டிலேயே சி.என்.சி. ரவுட்டர் செய்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சாஃப்ட்வேர் போட்டிருக்கீங்க?" அடுத்த கேள்வி, "இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சிருக்கணுமோ?" இரும்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ இரும்பைப் பற்றித்தான் பேச ஆசை. இந்த மிஷினில் கம்ப்யூட்டருக்கு உள்ள பங்கு, நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் கம்மி.

நான் கோவையில் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் கொண்ட ரிங் ஃபிரேமை ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து நிறுத்திப் பழகிய கை. மிஷின் அதிர்கிறதா, மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் அது நிற்கும் காலைப் பார் என்பதுதான் அங்கே முதல் பாடம். கார் வாங்காமலே கட்டிய கார் ஷெட் ஒன்று வீட்டில் காலியாகக் கிடந்தது. அதில் இப்போது இரண்டடிக்கு மூன்றடி பலகை வெட்டும் மேஜை நிற்கிறது.

மிஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையை மேஜைமேல் இறுக்கிக் கட்டுகிறோம். அதற்கு மேலே பாலம் மாதிரி ஒரு சட்டம் முன்னும் பின்னும் போய்வரும். அதற்கு கேன்ட்ரி என்று பெயர். கேன்ட்ரியில் ஒரு வண்டி இடமும் வலமும் ஓடும். அந்த வண்டியில் தொங்கும் ஸ்பிண்டில் என்ற சுழல் மோட்டார் மேலும் கீழும் ஏறி இறங்கும். ஸ்பிண்டிலின் வாயில், வெட்டும் பிட் மாட்டியிருக்கும். ஆக மூன்று திசை, மூன்று அச்சு. எந்த அச்சு எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் நகர வேண்டும் என்று எண்ணாலேயே சொல்லிவிட்டால், பிட் அந்த வழியில் மரத்தைத் தின்றுகொண்டே போகும்.

எண்ணால் மிஷினை ஓட்டும் யோசனை அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியில் பட்டறை வைத்திருந்த ஜான் பார்சன்ஸ் என்பவருடையது. ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைத் துல்லியமாக வெட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு. விமானப்படை பணம் கொடுத்தது, எம்.ஐ.டி. கல்விக்கூடம் உழைத்தது. 1952இல் காகித நாடாவில் குத்திய ஓட்டைகளைப் படித்து ஒரு மில்லிங் மிஷின் தானாக ஓடிக்காட்டியது. அன்றைக்குக் கட்டளை கொடுக்க, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த வால்வுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிய அலமாரிகள் தேவைப்பட்டன. இன்றைக்கு என் ஷெட்டில் அதே வேலையைச் செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஆர்டுயினோ என்ற சர்க்யூட் பலகை. அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதற்குள் உட்கார்ந்திருக்கும் 'ஜிஆர்பிஎல்' என்ற புரோகிராமை நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்காக்ஸ்ருட் 2009இல் எழுதி, காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் பாதி இப்படிக் கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், கவலைப்பட வேண்டியது மற்றப் பாதியை.

பிட் மரத்தை வெட்டும்போது மரமும் பிட்டைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலுக்குச் சட்டம் வளைந்து கொடுத்தால், கம்ப்யூட்டர் எத்தனை சரியாகச் சொன்னாலும் கோடு கோணல்தான். வளைவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொல்லாத கணக்கு. கேன்ட்ரியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. நாலுக்கு எட்டு ஷீட் முழுசாக வெட்ட வேண்டும் என்ற ஆசையில் எடுத்த எடுப்பிலேயே பெரிய மிஷினில் கை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நல்ல செய்தியும் அதே கணக்கில் உண்டு. 50 மி.மீ. சதுரக் குழாய்க்குப் பதில் அதே தகட்டுக் கனத்தில் 100 மி.மீ. குழாய் போடுங்கள். எடை இரண்டு மடங்குதான் கூடும், விறைப்பு எட்டு மடங்கு கூடும். பார்வைக்கு லட்சணமாக இருக்கும் அலுமினியச் சட்டங்களை வாங்கி, போல்ட் போட்டுக் கோத்துவிடலாம், சுலபம்தான். ஆனால் அலுமினியத்தைவிட இரும்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பு. எடைக்கு விலை போட்டால் மலிவும்கூட. கோவையில் இருந்துகொண்டு இரும்புக்கு யோசிக்கலாமா?

இரும்பில் ஒரு வில்லங்கம், வெல்டிங். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி, சட்டத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும். சாதாரண கேட்டுக்கு அது கண்ணில்கூடப் படாது. நமக்கோ கேன்ட்ரி ஓடும் இரண்டு தண்டவாளங்கள் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று இணையாக உட்கார வேண்டும். அதற்கு நான் கண்ட வழி, சட்டம் முழுவதையும் முதலில் பற்றவைத்து முடித்துவிடுவது. தண்டவாளம் உட்காரும் இடத்தில் மட்டும் கனமான பட்டையை வைத்துப் பற்றவைப்பது. அப்புறம் சட்டத்தை அப்படியே டெம்போவில் ஏற்றி, பெரிய மிஷின் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டு பட்டைகளையும் ஒரே செட்டிங்கில் மில்லிங் போட்டு வாங்குவது. நடுவில் சட்டத்தைக் கழற்றி மறுபடி கட்டினால் மட்டம் போயிற்று. 'ஒரே செட்டிங்' என்பதைப் பட்டறைக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள். கணபதி, பீளமேடு பக்கம் இதெல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். கிடைக்காத ஊரில், தண்டவாளத்துக்கு அடியில் எபாக்ஸியைத் தண்ணீர் மாதிரி ஊற்றித் தானாக மட்டமாக விடுகிறார்கள். அதுவும் பழுதில்லை.

தண்டவாளம் பூட்டுவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த கட்டம். முதல் தண்டவாளத்தை நேர்ச்சட்டத்தோடு அணைத்து இறுக்கிவிடுவேன். அதுதான் ராஜா, இனி அதை அசைப்பதில்லை. இரண்டாவதை, திருகுகளைப் பாதி முறுக்கில் விட்டு வைப்பேன். ராஜாமேல் ஓடும் வண்டியில் ஒரு பட்டையைப் பூட்டி, அதன் நுனியில் டயல் கேஜை நிறுத்தி, அதன் மூக்கு இரண்டாவது தண்டவாளத்தின் விலாவைத் தொடும்படி வைத்துக்கொண்டு, வண்டியைக் கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே போவேன். டயலில் ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் இரண்டு மூன்று கோடு ஆடினால் விட்டுவிடலாம். பத்து கோடு ஓடினால் அந்த இடத்துத் திருகைத் தளர்த்தி, மர சுத்தியால் லேசாக ஒரு தட்டு. மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்த இடத்தில் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைக்க வேண்டும். சவரம் செய்து தேய்ந்துபோன இரட்டை முனை பிளேடு சரியாக 0.1 மி.மீ. கனம். எங்கள் மில்லில் எந்த ஃபிட்டரும் அதைக் குப்பையில் போட்டதில்லை. எல்லாம் முடிந்து திருகுகளை முறுக்கியபின், விரலால் தள்ளினால் வண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கனத்தில் ஓட வேண்டும். எங்கேயாவது இறுகினால் தண்டவாளங்கள் அங்கே நெருங்குகின்றன அல்லது விலகுகின்றன என்று அர்த்தம். முறுக்கை ஏற்றியோ மோட்டாரைப் பெரிசாக்கியோ அதைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாத வேலை.

அடுத்தது மூலை. கேன்ட்ரி, தண்டவாளத்துக்குச் சரியான செங்கோணத்தில் நிற்கிறதா என்று மூலை மட்டம் வைத்துப் பார்த்தால் போதாது, மிஷினையே கேட்க வேண்டும். ஸ்பிண்டிலில் கூர்முனை பிட் ஒன்றை மாட்டி, பலகையில் நான்கு புள்ளி குத்தச் சொல்வேன். 450 மி.மீ. அகலம், 600 மி.மீ. நீளம். இரண்டு குறுக்கு அளவும் 750 வர வேண்டும். கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் அதே மூன்று, நாலு, ஐந்து கணக்கு. ஒரு குறுக்கு நீண்டு, மற்றது குறுகினால் கேன்ட்ரி சாய்ந்திருக்கிறது. கேன்ட்ரியை நகர்த்தும் ஸ்க்ரூக்களில் ஒரு பக்கத்து ஸ்க்ரூவை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கைத் தளர்த்தி, கையால் துளி திருப்பி, மறுபடி குத்திப் பார்க்க வேண்டியதுதான்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். ஸ்டெப்பர் மோட்டார் சாதாரண மோட்டார் மாதிரி விர்ரென்று சுற்றாது. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு படி நகரும். ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிப்பதால் சுற்றுக்கு 1,600 துடிப்பு. நான் போட்டிருக்கும் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு வண்டியை 5 மி.மீ. நகர்த்தும். 1,600ஐ 5ஆல் வகுத்தால் 320. ஒரு மில்லிமீட்டர் நகர 320 துடிப்பு! இந்த எண்ணைத்தான் புரோகிராமுக்குச் சொல்கிறோம். மிஷினுக்குத் தெரிந்த ஒரே பாடம் இதுதான். ஆனால் இதில் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. துடிப்பு அனுப்பியாகிவிட்டது, மோட்டார் நகர்ந்திருக்கும் என்று ஆர்டுயினோ நம்பிக்கொண்டிருக்கும். பிட் முண்டில் மாட்டி மோட்டார் சில படிகளைத் தவறவிட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு இடம் தள்ளிப் பூ செதுக்கிக்கொண்டிருக்கும்.

ஸ்பிண்டிலுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். வீட்டு ஒற்றை பேஸை அப்படி மாற்றித் தருவது வி.எஃப்.டி. என்ற பெட்டி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலை. இந்தப் பெட்டி அதை 400 வரை ஏற்றும், ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும். புதுப் பெட்டியின் செட்டிங் பெரும்பாலும் சாதாரண 50 அலை மோட்டாருக்கென்றே வைக்கப்பட்டிருக்கும். அதை 400க்கு மாற்றாமல் சுவிட்சைப் போட்டால் குறைந்த வேகத்திலேயே முழு மின்னழுத்தமும் பாய்ந்து காயில் கருகிவிடும். ஒயர் மாட்டுவதற்கு முன்னால் கையேட்டைப் படியுங்கள். சட்டத்துக்கு நல்ல எர்த் கொடுங்கள். ஸ்பிண்டில் ஒயரும் ஸ்விட்ச் ஒயர்களும் ஒரே குழாய்க்குள் போக வேண்டாம். போனால், யாரும் தொடாமலே மிஷின் பாதி வேலையில் நின்று, ஓட்டத்தின் எல்லையில் இருக்கும் லிமிட் ஸ்விட்ச் அமுங்கியதாகச் சாதிக்கும்.

செலவைக் கேட்பீர்கள். பால் ஸ்க்ரூ, தண்டவாளம், தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் ஸ்பிண்டில் என்று போனால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதில் ஆர்டுயினோவின் பங்கு சில நூறுதான்.

வெட்ட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வரும் நினைப்பு, மெதுவாக ஓட்டினால் பத்திரம் என்பது. மரத்தில் அது நேர்மாறு. பிட் சுற்றிக்கொண்டே ஒரே இடத்தில் நின்றால் வெட்டாது, உரசும். உரசினால் சூடேறும், மரம் கருகும், பிட்டின் முனை மழுங்கும். 18,000 சுற்றில் இரண்டு வாய் உள்ள பிட், வாய்க்கு 0.1 மி.மீ. சீவல் எடுக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர வேண்டும். அந்த வேகம் உங்கள் மிஷினுக்குத் தாங்காது என்றால் சுற்றைக் குறையுங்கள், ஆழத்தைக் குறையுங்கள். விழுவது சீவலாக இருக்க வேண்டும், மாவாக இருக்கக் கூடாது. தேக்கு வழுவழுப்பாக வெட்டுப்படும், ஆனால் அதில் உள்ள மணற்சத்து பிட்டைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, ஜாலி என்ற பின்னல் வேலைக்குச் சுகம், தூசிதான் எமன். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே பட்டியலில் வைத்திருக்கிறது. முகக்கவசமும் தூசி உறிஞ்சும் மிஷினும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கையுறை மட்டும் வேண்டாம், சுற்றும் பிட் அதைப் பிடித்துக் கையோடு இழுத்துவிடும். தோளில் துண்டும் அப்படித்தான். மிஷின் ஓடும்போது காபி குடிக்க வீட்டுக்குள் போவதும் கூடாது. மழுங்கின பிட்டும் தூசியும் சேர்ந்தால் நெருப்பு பற்றும்.

எங்கள் வீதி ஆசாரி ஒரு நாள் வந்து, பூஜை அறைக் கதவுக்கு ஜாலி வெட்டுவதைக் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏனுங்ணா, இது எனக்குச் சோறு போடுமுங்களா, இல்ல என்ற சோத்தைப் புடுங்குமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நிலைக்கதவில் கஜலட்சுமி செதுக்கும் வேலை ஊர் முழுக்க இப்போது மிஷினுக்குத்தானே போகிறது. நான் பதில் சொல்வதற்குள் அவரே ஜாலியைக் கையில் எடுத்து, உள்மூலையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். "மூலை உருண்டையா நிக்குதுங்ளே?" பிட் வட்டமானது, உள்மூலையில் சதுரம் எடுக்க அதனால் ஆகாது. இடுப்பிலிருந்து உளியை எடுத்து ஒவ்வொரு மூலையையும் இரண்டு தட்டில் சதுரமாக்கிவிட்டுத்தான் போனார். இப்போது ஜாலி வேலை வந்தால் வெட்டுவது நான், மூலை எடுப்பதும் கதவில் பூட்டுவதும் அவர். கூலியில் பாதிக்குமேல் அவருக்குப் போகிறது, போகட்டும்.

மேஜை விஷயத்தில் ஒன்று பாக்கி. இரும்புச் சட்டத்துக்கு மேலே 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒன்றைத் தியாகப் பலகையாகப் போட வேண்டும். பிட் அடிவரை இறங்கும்போது வெட்டு அதில்தான் விழும். அதை மிஷினே தன் பிட்டால் மேலாக இழைத்து மட்டம் செய்துகொள்ளும். பலகையின் எந்த இடமும் ஸ்பிண்டிலுக்கு ஒரே தூரத்தில் இருக்கும். ஐப்பசி மழையில் எம்.டி.எஃப். ஈரம் குடித்து உப்பும், மறுபடி அரை மில்லிமீட்டர் இழைக்க வேண்டிவரும். பத்து மி.மீ.க்குத் தேய்ந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு பலகை மாட்டலாம். அதைப் பூட்டும் திருகுகளின் தலையை நன்றாக ஆழத்தில் இறக்கி வையுங்கள், அல்லது அடியிலிருந்து பூட்டுங்கள். இரும்புத் தலையில் இடித்தால் கார்பைடு பிட் துண்டாகித் தெறிக்கும், கண்ணாடி போடாதவர் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை.